அரைக்கட்டை இறக்கிய பாட்டு

லண்டன்
6-3-1977

அன்புள்ள அக்காவுக்கு,

வேலப்பன் எழுதுகிறேன். இரண்டு வருடத்தில் நான் போட்ட ஏழு கடிதத்துக்கும் நீங்கள் பதில் போடவில்லை. இதற்கும் போடாவிட்டால் அது நியாயம்தான். ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

சட்டம் படிக்க வந்தவன் அதைப் பாதியில் விட்டுவிட்டு உங்களிடம் சொல்லாமல் இருந்தது தப்பு. காளிமுத்து மாமாவின் மகன் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வந்தது என்பது அதைவிடப் பெரிய தப்பு. இதற்கு மேல் எழுதினால் சாக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

இப்போது ஒரு கல்லூரியின் இசை நூலகத்தில் இருக்கிறேன். இருநூறு வருடத்துக்கு முன் வியன்னாவில் ரைஸ்னர் என்று ஒருவர் இருந்தார். பெரிய பேர் வாங்கியவர் இல்லை. பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்து வாசிக்கிற பாட்டுகள் எழுதினார். (செல்லோ என்பது தரையில் ஊன்றி, முழங்காலுக்கு நடுவே வைத்து வாசிக்கிற பெரிய வயலின்.) அந்த மாதிரிப் பாட்டுக்கு ட்ரியோ என்று பெயர். எது அவர் எழுதியது, எது வேறு யாரோ எழுதி அவர் பேரில் விற்றது என்று பிரித்து, வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றின் முதல் வரியையும் எழுதிப் பட்டியல் தயாரிக்கிறேன். அந்தக் காலத்து விளம்பரம் ஒன்றில் பன்னிரண்டு ட்ரியோ என்று இருக்கிறது. மூன்று வருடம் தேடியும் என் கையில் பதினொன்றுதான். பன்னிரண்டும் இல்லாமல் அச்சிட மாட்டோம் என்று பதிப்பகம் சொல்கிறது. அச்சாகாவிட்டால் டிசம்பரோடு என் வேலை முடிந்தது, விசாவும் முடிந்தது.

பெரிய பங்களாவில் மாடிப்படிக்கு அடியில் பழைய துரைசானியின் தகரப் பெட்டி இன்னும் இருக்கிறதா? அவர் எனக்குப் பியானோ சொல்லிக் கொடுத்த நாளில் அதில் ரைஸ்னர் என்று எழுதிய கைப்பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். துரைசானியின் தாய்வழிப் பாட்டனார் வியன்னாக்காரர். அப்போது அந்தப் பேர் எனக்கு வெறும் எழுத்து. போன வாரம் பஸ்ஸில் போகும்போது திடீரென்று ஞாபகம் வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன்.

ஒரு தடவை போய்ப் பார்ப்பீர்களா?

உங்கள் தம்பி
வேலப்பன்


கிளன்ரோய் எஸ்டேட், பிரிஞ்சாங்
27-3-1977

வேலப்பனுக்கு,

என்ன இது, 'நீங்கள்' என்றெல்லாம்? லண்டன் மரியாதையா? மூக்கைத் துடைத்து விட்டவளை ஐந்து வயதிலிருந்து 'நீ' என்றுதானே கூப்பிட்டாய். இந்தப் பூச்செல்லாம் என்னிடம் வேண்டாம்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு உன்னை நான் எப்படிக் கொண்டுவந்தேன் என்று சொல்லிக்காட்ட மாட்டேன். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் ஒன்று விடாமல் 'என் தம்பி லாயர் ஆகப்போறான்' என்று சொல்லி வைத்தவள் நான். காளிமுத்து மாமாவின் மகன் ஊருக்கு வந்து, கோயில் வாசலில் பத்துப் பேர் நடுவில், 'ஒங்க தம்பி அங்க புத்தகம் வச்ச வண்டியத் தள்ளிக்கிட்டு இருக்கான்லா' என்றான். என் முகத்தில் கரியைப் பூசியது அவன் இல்லை, நீ.

பங்களாவுக்குப் போனேன். உனக்காகப் போகவில்லை. பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது, அதைச் சொல்லத்தான் போனேன். பெட்டி இருக்கிறது. சமையல்காரர் மாடசாமி அண்ணன் 'கை வெக்காதீங்க டீச்சர், உள்ள பூச்சிலா' என்று பயமுறுத்தினார். புதுத்துரையிடம் கேட்டேன். துரைசானியின் சொந்தக்காரர்கள் வந்து எடுக்கும்வரை பெட்டியிலிருந்து ஒரு தாள்கூட வெளியே போகக்கூடாது, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்.

மேலாகப் புரட்டினேன். உன் ரைஸ்னர் பேர் இருக்கிறது. ஆனால் உன் கணக்குத் தப்பு. ஒரே கட்டுக்குள்ளேயே இரண்டு இடத்தில் 'ட்ரியோ' என்று எழுதியிருக்கிறது. நான் பார்த்த மூன்று கட்டில் மட்டும் ஏழு ட்ரியோ எண்ணினேன். பன்னிரண்டு என்று சொன்னவர்கள் யார்? கல்லூரியில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லையா?

பரமேஸ்வரி


லண்டன்
9-4-1977

அன்புள்ள அக்கா,

நீ பதில் போட்டுவிட்டாய். 'அன்புள்ள' போடவில்லை, பார்த்தேன். பரவாயில்லை.

ட்ரியோ எண்ணிக்கையைப் படித்துவிட்டு நூலகத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். கோபப்படாதே. ஒரு முழுப் பாட்டுக்கும் ட்ரியோ என்று பேர். அந்தப் பாட்டுக்குள்ளே நடனம் மாதிரி ஒரு பகுதி வரும், அதன் நடுத்துண்டுக்கும் ட்ரியோ என்றே பேர் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். வெளி அட்டையில் இருப்பதை மட்டும் கணக்கில் எடு.

இப்போது ஒரு உதவி. ஒவ்வொரு கட்டிலும் வயலின் தாளின் முதல் வரி எனக்கு வேண்டும். ஐந்து கோடு இருக்கும். அடிக்கோட்டில் உட்கார்ந்த புள்ளி உன் ஹார்மோனியத்தில் மூன்று கட்டை. அதற்கு மேல் இடைவெளியில் இருந்தால் நான்கு கட்டை, அடுத்த கோடு ஐந்து கட்டை. இப்படிக் கோடு, இடைவெளி, கோடு என்று வெள்ளைக் கட்டைகளில் ஏறிக்கொண்டே போ. வரியின் தொடக்கத்தில் ஆங்கிலச் சின்ன 'பி' எழுத்து மாதிரி குறி இருந்தால் அந்தக் கட்டைக்குக் கீழே உள்ள கறுப்பு. அதுதான் பிளாட். கிராதி மாதிரி குறி இருந்தால் மேலே உள்ள கறுப்பு. அது ஷார்ப்.

தேவாரத்துக்கு ஹார்மோனியம் வாசிக்கிற உனக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை. உனக்கு வருகிற மாதிரி எழுதி அனுப்பு.

வேலு


கிளன்ரோய் எஸ்டேட்
8-5-1977

வேலப்பனுக்கு,

நான்கு ஞாயிறு போயிற்று. கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

பிள்ளைகள் ஆங்கிலம் எழுதிப் பழகுகிற நான்கு கோட்டு நோட்டில் ஐந்தாவது கோட்டை நானே ஸ்கேல் வைத்து இழுத்தேன். பங்களாவில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக நகல் எடுத்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து ஹார்மோனியத்தில் வாசித்துப் பார்த்து, ஸரிகமவில் எழுதியிருக்கிறேன். மேலே இருந்த நான்கு கட்டு முடிந்தது, அதற்கான தாள் இத்துடன் இருக்கிறது. அடியில் இருப்பவை ஈரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடக்கின்றன. மெதுவாகத்தான் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது கட்டு நன்றாக இருக்கிறது. மற்றதெல்லாம் மாடிப்படியில் ஏறி இறங்குகிற மாதிரிதான் எனக்குக் கேட்கிறது.

இன்னொன்று. பெரிய கிராணி நல்லுசாமி ஐயா இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வேலை ஒன்று காலியாகும். 'தம்பி வர்றதா இருந்தா சொல்லுங்க டீச்சர். டிசம்பர் வரைக்கும் தொரைகிட்ட சொல்லி நிறுத்தி வெக்கலாம், அதுக்கு மேல தாங்காதுலா' என்றார். சும்மா தகவலுக்குச் சொல்கிறேன்.

பரமேஸ்வரி


லண்டன்
22-5-1977

அக்கா,

என்ன வேலை செய்து வைத்திருக்கிறாய்! நான்கு பாட்டையும் 'ஸ'வில் ஆரம்பிக்கிற கணக்கில் எழுதியிருக்கிறாய். எந்தச் சுருதி என்று ஒன்றுக்கும் போடவில்லை. இங்கே பட்டியல் எல்லாமே சுருதிப்படிதான் அக்கா. சுருதி தெரியாத பாட்டு, பேர் தெரியாத ஆள் மாதிரி. இரண்டு நாள் முட்டி மோதித்தான் நான்கும் என்னிடம் ஏற்கெனவே இருப்பவை என்று கண்டுபிடித்தேன்.

இனி ஸரிகம எழுதிச் சிரமப்படாதே. பன்னிரண்டாவது ட்ரியோவைப் பற்றி ஒரு மடாலயத்துப் பழைய குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி கிடைத்திருக்கிறது. கீழே ஐந்து கோடு போட்டு வரைந்திருக்கிறேன். தொடக்கத்தில் மூன்று பிளாட். அதுதான் அடையாளம். மிச்சக் கட்டுகளில் மூன்று பிளாட் போட்டது இருக்கிறதா என்று மட்டும் பார். இல்லையென்றால் மூடி வைத்துவிடு, வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

கோபமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. டிசம்பர் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது, அதுதான். கிராணி வேலையைப் பற்றி இப்போது என்னால் யோசிக்க முடியவில்லை.

வேலு


கிளன்ரோய் எஸ்டேட்
19-6-1977

அன்புள்ள தம்பிக்கு,

அடியில் இருந்த கட்டுகளையும் பிரித்துப் பார்த்துவிட்டேன். மூன்று பிளாட் போட்டது ஒன்றுகூட இல்லை.

மனதைத் தளரவிடாதே. உன்னால் முடிந்ததைச் செய்தாய். நல்லுசாமி ஐயாவிடம் மறுபடி பேசினேன், வேலை உனக்குத்தான். வடக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். கியா பார்ம் காய்கறிச் சந்தைக்குப் போனபோது உனக்குப் பிடித்த பயற்றங்காய் பார்த்தேன், நீ இல்லாமல் வாங்க மனம் வரவில்லை. வந்துவிடு வேலு. வக்கீல் ஆகாவிட்டால் போகிறது. நான் இனி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அன்புடன்
அக்கா


லண்டன்
3-7-1977

அன்புள்ள அக்கா,

'அன்புள்ள' என்று நீ எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். இரண்டு வருடமாக அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடவே இந்தச் செய்தியும் வந்ததுதான் என் ராசி.

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். நல்ல மனிதர். 'அந்தப் பெட்டியை ஒழுங்காகப் பார்த்தார்களா?' என்று ஒருமுறை கேட்டார். 'என் அக்கா பார்த்தாள். அவள் இல்லை என்றால் இல்லைதான்' என்றேன். பட்டியலில் பன்னிரண்டாம் எண்ணுக்கு நேரே 'கிடைக்கவில்லை' என்று என் கையாலேயே எழுதினேன்.

டிசம்பர் இரண்டாம் வாரம் கிளம்புகிறேன். கிராணி வேலைக்குச் சம்மதம் என்று நல்லுசாமி ஐயாவிடம் சொல். தேயிலை நிறுக்கிற கணக்கு எழுதக் கற்றுக்கொள்கிறேன். ரைஸ்னர் காகிதங்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவருவேன், இடம் இருந்தால் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்காக உட்கார்ந்தாய். அதை நான் மறக்க மாட்டேன்.

வேலு


கிளன்ரோய் எஸ்டேட்
17-7-1977

வேலுவுக்கு,

'அன்புள்ள' போடவில்லை. இந்த முறை கோபத்தினால் இல்லை. அதைப் போட எனக்கு யோக்கியதை இல்லை.

உன் பன்னிரண்டாவது ட்ரியோ இங்கேதான் இருக்கிறது.

நான் எழுதியது பொய் இல்லை. மூன்று பிளாட் போட்ட கட்டு ஒன்றும் இல்லைதான். 'மூன்று பிளாட் இருக்கிறதா என்று மட்டும் பார், வேறு எதையும் பார்க்க வேண்டாம்' என்று நீதானே எழுதினாய்? அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒளிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இப்படிப் பதில் சொன்னால் நான் சும்மா விடுவேனா?

நடந்ததைச் சொல்கிறேன். நீ வரைந்து அனுப்பிய வரியை வேண்டாம் என்று சொல்லியும் ஸரிகமவில் எழுதிப் பார்த்தேன். கை சும்மா இருக்கவில்லை.

ஸா, ஸ க பா பா , த ப ம கா ரீ

நல்ல பாட்டு. ஒரு வாரம் என் வாயிலேயே இருந்தது. ஜூன் பன்னிரண்டாம் தேதி ஆறாவது காகிதக் கட்டைப் பிரித்தேன். பழுப்பு மை, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. தொடக்கத்தில் பிளாட் இல்லை, இரண்டு கிராதிக் குறி. சரி, இது இல்லை என்று மூடப்போனேன். ஆனால் புள்ளிகள் ஏறி இறங்குவது தெரிந்த முகம் மாதிரி இருந்தது. அங்கேயே முணுமுணுத்துப் பார்த்தேன். ஸா, ஸ க பா பா, த ப ம கா ரீ. ஒரு ஸ்வரம் பிசகவில்லை. மாடசாமி அண்ணன் காபி கொண்டுவந்தவர், 'என்னா டீச்சர், மொகம் வெளுத்துப் போச்சி?' என்று கேட்டார்.

உன் மடாலயத்துப் பாட்டு இரண்டரைக் கட்டை. இங்கே இருப்பது இரண்டு கட்டை. அவ்வளவுதான் வித்தியாசம். மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டினால் நான் தேவாரத்தை அரைக்கட்டை இறக்கித்தான் வாசிப்பேன். அதனால் அது வேறு பதிகம் ஆகிவிடுமா? நீ பெரிய படிப்புப் படித்தவன், சுருதி தெரியாத பாட்டு பேர் தெரியாத ஆள் மாதிரி என்றாய். சுருதி மாறினால் ஆளே மாறிவிட்டதாக நினைத்து வாசலில் நின்றவனைத் திருப்பி அனுப்பப் பார்த்தாய்.

எல்லாம் தெரிந்துதான் உனக்கு எழுதாமல் இருந்தேன். கிடைக்கவில்லை என்றால் நீ வந்துவிடுவாய். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன் வேலு, பொய் சொல்ல மாட்டேன். உன் ஜூலைக் கடிதம் வந்தது. 'அவள் இல்லை என்றால் இல்லைதான்' என்று பேராசிரியரிடம் சொன்னாயாமே. அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் தேவாரம் வாசிக்க உட்கார்ந்தால் கை தானாக ஸா, ஸ க பா என்று போகிறது. நீலாவதி டீச்சர் 'என்ன டீச்சர், புதுப் பாட்டா? நல்லாருக்குலா' என்கிறாள்.

முதல் பக்கம் முழுவதையும் ஸரிகமவில் எழுதி வைத்திருக்கிறேன். வயலினுக்கு ஒரு வரி, அந்தப் பெரிய வயலினுக்கு ஒரு வரி. பியானோவுக்கு இரண்டு கை, அதனால் இரண்டு வரி. இந்தமுறை சுருதியும் போட்டிருக்கிறேன். அட்டையில் உள்ள எழுத்தையும் அப்படியே வரைந்திருக்கிறேன். நீ அங்கேயே இரு. உன் வேலையைப் பார். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துக்கொள்.

அக்கா


லண்டன்
31-7-1977

அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள அக்கா,

நீ போடாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து நானே போட்டுவிட்டேன்.

முதலில் கோபம் வந்தது. மறைக்கவில்லை. கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு வெளியே போய் ஆற்றங்கரையில் நடந்தேன். பாலம் வரைக்கும் கோபமாகப் போனேன். திரும்பி வரும்போது ஸா, ஸ க பா பா என்று பாடிக்கொண்டே வந்தேன். ஒரு கிழவர் நின்று பார்த்தார்.

நூலகத்தில் வயலின் வாசிக்கிற பெண்ணும் செல்லோக்காரரும் இருக்கிறார்கள். உன் ஸரிகமவை நான் கோட்டில் மாற்றி எழுத, மூவருமாக வாசித்தோம். மற்ற பதினொன்றில் ரைஸ்னர் அடிக்கடி செய்கிற ஒரு குறும்பு உண்டு. வயலின் பாடி முடிக்கும் முன்பே செல்லோவை உள்ளே விட்டுவிடுவார். இங்கேயும் நான்காவது வரியில் அதே குறும்பு. செல்லோக்காரர் வில்லை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ரைஸ்னர்தான் அக்கா, சந்தேகமே இல்லை.

ஏன் அரைக்கட்டை இறங்கியது என்றும் தெரிந்துவிட்டது. அட்டையில் நீ வரைந்து அனுப்பிய ஜெர்மன் எழுத்தைப் படித்தோம். 'வீட்டார் வாசிப்பதற்காக' என்று இருக்கிறது. வயலினிலும் செல்லோவிலும் இரண்டு கட்டையில் விரல் சுலபமாக விழும், இரண்டரையில் பழகாதவர்களுக்குக் கஷ்டம். யாரோ ஒரு குடும்பத்துக்கு வசதியாக இறக்கி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நீ உன் பிள்ளைகளுக்குச் செய்கிற மாதிரியே. சுருதிப்படி தேடுகிற நாங்கள் நூறு வருடம் தேடினாலும் அதைத் தாண்டித்தான் போயிருப்போம். பேராசிரியரிடம் சொன்னேன். 'உன் அக்காவின் முறையில் பன்னிரண்டையும் மறுபடி ஒரு தடவை எழுதிப் பார்' என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டியலின் கடைசியில் அது ஒரு தனி அட்டவணையாக வரும், உன் பேரோடு.

இப்போது நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படி. நகலை மட்டும் வைத்து அச்சிட முடியாது, மூலத்தை யாராவது கண்ணால் பார்த்து, போட்டோ எடுத்து, தாளை அளந்து எழுத வேண்டும். பெட்டியோ பங்களாவை விட்டு வெளியே வராது. ஆகவே கல்லூரி என்னை அனுப்புகிறது. நவம்பரில் ஒரு மாதம். புதுத்துரைக்குக் கல்லூரியிலிருந்தே கடிதம் போயிருக்கிறது.

ஒரு மாதம்தான் அக்கா. பிறகு இங்கே திரும்பி வந்துவிடுவேன், வேலை நிரந்தரமாகிவிட்டது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை சொல்லாமல் இருந்ததே போதும்.

வேலு


கிளன்ரோய் எஸ்டேட்
14-8-1977

அன்புள்ள தம்பிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்கத்தான் நேரம் ஆயிற்று.

ஒரு மாதம் என்று சொன்னதற்கு அழுதேன். முன்கூட்டியே சொன்னதற்குச் சந்தோஷப்பட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ததால் நீலாவதி டீச்சர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நவம்பரில் இங்கே விடாத மழை. குறைந்தது இரண்டு கம்பளிச் சட்டை கொண்டுவா. மலையடிவாரத்தில் தாப்பாவிலிருந்து கடைசி பஸ்ஸை நம்பாதே, காளிமுத்து மாமா காய்கறி லோரியோடு கீழே வருவார், சொல்லி வைத்திருக்கிறேன். லண்டனிலிருந்து திரும்பிவிட்ட அவருடைய மகன்தான் ஓட்டுவான். அவனிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பெட்டி இருக்கும் இடத்தில் ஈரம் இறங்காமல் இருக்க மாடசாமி அண்ணன் கரி மூட்டி வைக்கிறார். பூச்சி என்று பயமுறுத்தியவர் இப்போது யாரையும் அதன் பக்கம் விடுவதில்லை.

நல்லுசாமி ஐயாவிடம் போய், 'அந்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க ஐயா' என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, 'வக்கீலும் ஆகல, கிராணியும் ஆகல, அப்பறம் தம்பி என்னதான் டீச்சர் பண்றான் அங்க?' என்று கேட்டார். ஆபீஸில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

'ட்ரியோ எண்ணுறான் ஐயா. பதினொண்ணுதான் கெடச்சிருந்துச்சி, இப்ப பன்னெண்டு இருக்கு' என்றேன்.

கோயில் வாசலில் போன மானம் அந்த ஆபீஸில் திரும்பி வந்துவிட்டது வேலு. அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

ஹார்மோனியத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன். நீ வந்ததும் உன் இரண்டரைக் கட்டையில் ஒரு தடவை, என் இரண்டு கட்டையில் ஒரு தடவை வாசித்துப் பார்ப்போம்.

அக்கா